ஆற்றைக் குளிர வைக்க: நிழலா, மதகா, மணலா?

இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ட்ரௌட் மீன் இன்றும் நீந்துகிறது. அந்த மலைகளின் நீரைத் திரட்டிக்கொண்டு 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, எங்கள் கொட்டியாரக் குடாவில் விழும் இடத்தில் அதே மீனுக்குப் பிழைப்பில்லை. விரால் தாங்கும், திலாப்பியா தாங்கும். சூடு ஏறினால் நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும் என்பதுதான் சங்கதி. 10 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏழரைதான். மீனின் உடலோ சூடு ஏற ஏற இன்னும் அதிகமாகக் கேட்கும். சம்பளம் குறைகிற மாதத்திலேயே அரிசி விலையும் ஏறுகிற வீட்டின் நிலைமை அது.

சால்மன், ட்ரௌட் போன்ற குளிர்நீர் மீன்களுக்காக ஆற்றைச் சீர்செய்யும் வேலையில் அமெரிக்காவின் மேற்குக் கரை பழுத்த அனுபவம் கொண்டது. அங்கே போட்டியிடும் வழிகள் முக்கியமாக மூன்று: கரையில் மரம் நடுவது, அணையின் மதகைத் திருத்துவது, ஆற்றைப் பழையபடி சரளையிலும் மணலிலும் பரவ விடுவது. எதற்கு வாக்களிப்பது என்று கேட்டால், முதலில் ஆற்றின் அகலத்தைச் சொல்லுங்கள் என்பேன்.

மரத்தின் பலத்தைக் காட்ட ஓரிகன் மாநிலத்து நீடில் பிராஞ்ச் ஓடை ஒன்றே போதும். 1966இல் அதன் இருபுறமும் காட்டை மொட்டையடித்தார்கள். ஆண்டின் உச்ச வெப்பநிலை சுமார் 14 பாகையிலிருந்து 29 பாகைக்குத் தாவியது. பக்கத்திலேயே இன்னொரு நீரோடை. அங்கும் மரம் வெட்டினார்கள், ஆனால் கரையோர மரங்களை வரிசையாக விட்டுவைத்தார்கள். அங்கே வெட்டியதால் வந்த சூடு என்று சொல்ல எதுவும் தெரியவில்லை. நிழல் நீரைக் குளிர்விப்பதில்லை, வெயில் விழாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அந்த அவ்வளவே சின்ன ஓடைக்குப் பெரிய காரியம். அதே ஓரிகனின் துவாலட்டின் ஆற்றுப் பகுதியில், ஆற்றில் விடும் சுத்திகரித்த கழிவுநீரை இயந்திரத்தால் குளிரூட்டும் யோசனையைக் கைவிட்டு, 2004இல் கரையில் மரம் நடும் ஏற்பாட்டுக்கு அனுமதி வாங்கினார்கள். செலவும் குறைவு. குறை என்னவென்றால், கன்று நிழலாக வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆறு அகன்றுவிட்டால் உச்சி வெயிலில் மர நிழல் கரையோடு நின்றுவிடும். நடு ஆறு வெந்துகொண்டேயிருக்கும்.

மதகு உடனே வேலை செய்யும். ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடையில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இருப்பதால், எந்த ஆழத்திலிருந்து திறந்துவிடுகிறோம் என்பதை வைத்தே ஆற்றின் சூட்டை மாற்றலாம். கலிபோர்னியாவின் சாஸ்டா அணையில் 1997இல் அதற்கென்றே பெரிய இரும்புக் கட்டமைப்பைப் பொருத்தினார்கள். 2014இன் வறட்சியில் அடியில் இருந்த குளிர்நீர் தீர்ந்துபோனது. குளிர்கால சினூக் சால்மனின் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் ஏறக்குறைய 95 சதவீதம் அழிந்தது. அந்த மீன் முன்பு முட்டையிட்ட குளிர்ந்த ஊற்றோடைகளுக்குப் போகும் வழியை மறித்ததே இந்த அணைதான். மறித்தவரிடமே மருந்து கேட்டு நிற்கும் வழி இது. எனக்கு இதில் முழு நம்பிக்கை வருவதில்லை.

மூன்றாவது வழியைப் புரிந்துகொள்ள ஓரிகன் வரை போக வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில், நீர் வற்றிய ஆற்றுப்படுகையில் முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டிப் பாருங்கள். பக்கத்துக் குட்டையில் கால் சுடும், தோண்டிய குழியில் ஊறும் நீரில் கை குளிரும். ஆற்று நீர் மணலுக்குள் இறங்கி, மெல்ல நகர்ந்து, வேறோர் இடத்தில் மறுபடி மேலே வருகிறது. பகல் சூட்டை மணல் வாங்கிக்கொள்கிறது. நிலத்தடி நீரும் அங்கே வந்து சேரும். திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றில் பக்கம் பக்கமாக ஏழு கிணறுகள் ஏழு விதமாகச் சுடுவதைக் கண்ட ஊர்க்காரருக்கு, நிலத்தடியில் நடப்பது மேல்நீரை மாற்றும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதே தத்துவத்தில்தான் ஓரிகனின் தென் மெக்கென்சி ஆற்றில், கூகர் அணைக்குக் கீழே, 2018 முதல் ஆழமாக அரித்துப்போன வாய்க்காலை நிரப்பி, பெரிய மரத்தண்டுகளைப் போட்டு, ஆற்றைப் பல கிளைகளாகப் பரவ விட்டார்கள். மேலே அணையில் 2005இல், வேண்டிய ஆழத்திலிருந்து நீரை எடுத்துவிடும் வெப்பநிலைக் கோபுரம். கீழே பரந்த படுகை. போட்டி வழிகள் ஒரே ஆற்றில் சேர்ந்தே ஓடுகின்றன. பரந்து ஆழம் குறைந்த இடங்கள் வெயிலில் சூடாகும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மீனுக்கு ஆறு முழுவதும் குளிர வேண்டியதில்லை, ஒதுங்க இடம் கிடைத்தால் போதும்.

இங்கே கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மகாவலிக்கு எது பொருந்தும்? நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ரந்தெனிகல அணையில் திறந்த குளிர்நீர் வருவதற்குள் வெந்துவிடும். மருத மரம் கரையைக் காக்கும், பறவைக்கும் உதவும். நட வேண்டியதுதான், ஆனால் அந்த அகலமான ஆற்றை அது குளிர்விக்காது. கிளை ஓடைகளில் மருதமே முதல் தெரிவு. பெரிய ஆற்றில் முதல் வேலை மணல் அள்ளும் லொறிகளைக் கட்டுப்படுத்துவது. குளிர்ச்சியை வைத்திருக்கும் படுகையையே ஏற்றிக்கொண்டு போனபின் கன்று நடும் விழாவால் பயனில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, யாரும் பெரிதாகப் பேசாத ஒன்றும் உண்டு: ஆற்றில் நீரை விட்டுவைப்பது. ஒரே வெயில் பாதி நீரின்மேல் விழுந்தால் சூடு ஏறக்குறைய இரு மடங்கு ஏறும். ஆனால் சிறுபோகத்துக்கு வாய்க்காலை எதிர்பார்த்து நிற்கும் விவசாயியிடம் மீனுக்காக மதகை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கணக்கை அதிகாரிகளும் விவசாய அமைப்புகளும் மீனவரும் ஒரே மேசையில் போட வேண்டும்; இதுவரை மீனவருக்கு அங்கே நாற்காலி போட்டதாகத் தெரியவில்லை.