செயின்ட் வ்ரெய்ன் ஸ்டேட் பார்க்: தூண்டிலோடு போங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு வடக்கே, ஐ-25 நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது இந்தப் பூங்கா. தூண்டில் போட, கூடாரம் அடிக்க அருமையான இடம், நேரெதிரே லாங்ஸ் பீக் மலைச்சிகரம் வேறு. இங்கே குளங்கள் பலவும் சாலை போடச் சரளை தோண்டிய பள்ளங்கள்தான். சும்மா தண்ணீர் நிற்கிறது என்று நினைக்காதீர்கள். பள்ளத்தில் நிலத்தடி நீர் தெரிந்துவிட்டால் கொலராடோவில் சட்டப்படி அது கிணறு, 1988-லேயே மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெயிலில் ஆவியாகிறதே, அது ஆற்றின் கீழ்ப்பகுதியில் முன்பே நீர் உரிமை வாங்கி முன்னுரிமை வைத்திருக்கும் விவசாயிக்குப் போகவேண்டிய தண்ணீர், அதே அளவு தண்ணீரை ஆற்றுக்கு ஈடுகட்டியே ஆகணும். 1980 முடிவதற்குள் நீர் வெளிப்பட்ட பள்ளங்களுக்கு மட்டும் விலக்கு. இப்படி ஒரு பள்ளத்தின் கரையை யாராவது 'ஏரிக்கரை மனை' என்று கூவி விற்றால், ஈட்டுத் தண்ணீர் யார் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அப்புறம், பார்க்குக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, தொப்பியும் எடுத்துப் போங்கள்.