ஒரே முகவரியில் இரண்டு மொழியா, மொழிக்கொரு முகவரியா?

சித்தப்பாவின் விதைக் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்தது நான்தான். சுமார் 40 பக்கம். ஆடிப் பட்டத்தில் என்ன விதைக்கலாம், கத்தரி நாற்றை எத்தனை நாளில் பிடுங்கி நடலாம் என்பது போன்ற விஷயங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். யாருக்கு எந்த மொழியைக் காட்டுவது என்ற ஒரு கேள்விக்காக மட்டும் மூன்று தடவை மாற்றி எழுதினேன்.

ஐபி முகவரியை (இணைய இணைப்புக்குரிய எண்ணை) வைத்து ஊரைக் கணித்து மொழி தரும் யோசனையைச் சீக்கிரமே கைவிட்டேன். சென்னையில் இருப்பவர்கள் எல்லாரும் தமிழ் படிப்பவர்கள் இல்லை, மும்பை தாராவியில் தமிழ் படிப்பவர்களுக்குக் குறைவும் இல்லை. கைப்பேசி இணைப்பில் வரும் ஐபி எந்த ஊரைக் காட்டும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

அடுத்தது, உலாவி (பிரவுசர்) சொல்வதைக் கேட்பது. ஒவ்வொரு கோரிக்கையோடும் ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ என்றொரு ஹெடரை, அதாவது கூடவே போகும் ஒரு சிறு குறிப்பை, உலாவி அனுப்புகிறது. முதலில் தமிழ், கிடைக்காவிட்டால் 0.8 எடையில் (கொஞ்சம் குறைந்த முன்னுரிமையில்) ஆங்கிலம் என்று அதில் வரிசை இருக்கும். 1990களிலிருந்தே இருக்கும் ஏற்பாடு. டெபியன் என்ற இலவச இயங்குதளத் திட்டத்தின் தளம் இந்த முறையில்தான் பக்கங்களைத் தருகிறது. முகவரி ஒன்றே, படிப்பவருக்கு ஏற்ற மொழி. எனக்கும் இது மிகவும் பிடித்துப்போய்த்தான் முதலில் இதைச் செய்தேன்.

தளத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். “ஏம்ப்பா, தமிழ்ல இருக்குன்னியே, எங்க?” என்றார். அவருடைய கைப்பேசி ஆங்கிலத்தில் இருந்தது. வாங்கிய அன்று கடைப் பையன் எப்படி வைத்துக் கொடுத்தானோ அப்படியே. அவர் படிப்பதெல்லாம் தமிழ்தான், ஆனால் அந்தக் கைப்பேசி ‘இந்திய ஆங்கிலம்’ என்றுதான் சர்வருக்கு, அதாவது பக்கத்தைத் தரும் கணினிக்கு, சொல்கிறது. நம் ஊரில் இப்படி எத்தனை கைப்பேசி இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைக்கூட ஒரு பொத்தான் வைத்துச் சமாளித்திருப்பேன். என்னை மாற வைத்தது பராமரிப்புத் தொல்லை. தளம் வேகமாகத் திறக்கட்டும் என்று முன்னால் ஒரு கேஷ் வைத்திருந்தேன். ஒருமுறை தந்த பக்கத்தின் பிரதியை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே தரும் ஏற்பாடு அது. ஒரு நாள் காலையில் எல்லாருக்கும் ஆங்கிலப் பக்கமே வந்தது, தமிழில் வைத்திருந்தவர்களுக்கும். முதலில் வந்தவர் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு, அதே முகவரிக்கு வந்த எல்லாருக்கும் கேஷ் அதையே கொடுத்திருக்கிறது. தப்பு என்னுடையது. ‘பதில் மொழியைப் பொறுத்து மாறும்’ என்று கேஷுக்குச் சொல்லும் ‘வேரி’ ஹெடரைச் சேர்க்க மறந்திருந்தேன். சரி, சேர்த்தேன். அப்புறம் வேறொரு தலைவலி. இந்த மொழி வரிசையை எல்லாக் கைப்பேசியும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. ஒன்று தமிழ் என்று மட்டும் சொல்லும், இன்னொன்று இந்தியத் தமிழ், தமிழ், அமெரிக்க ஆங்கிலம் என்று அடுக்கும். எழுத்து கொஞ்சம் மாறினாலும் கேஷுக்கு அது வேறு பிரதி. இரண்டே மொழிக்கு ஏகப்பட்ட பிரதிகள், கேஷ் வைத்தும் பிரயோஜனமில்லை. ஹெடரைக் கேஷிலேயே சுருக்கி ‘தமிழ்’, ‘ஆங்கிலம்’ என இரண்டாக்க வழி உண்டு. செய்யவும் செய்தேன். ஆனால் ஏதாவது கோளாறு என்று யாராவது சொன்னால், அவர் பார்த்த பக்கத்தை நான் பார்க்க முடியாது. அதே முகவரியைத் திறந்தால் எனக்கு வேறு பக்கம் வரும்.

கூகுளும் சேர்ந்துகொண்டது. அதன் தேடல் ரோபோ பொதுவாக இந்த ஹெடரையே அனுப்புவதில்லை. ஹெடர் இல்லாவிட்டால் ஆங்கிலம் என்று எழுதியிருந்தேன், ஆகவே தமிழ்ப் பக்கம் ஒன்றுகூட அதன் கண்ணில் படவில்லை.

இப்போது தமிழுக்கு ஒரு முகவரி, ஆங்கிலத்துக்கு ஒரு முகவரி. முகவரி நடுவில் ‘டிஏ’ (தமிழ்) அல்லது ‘இஎன்’ (ஆங்கிலம்) வரும், அவ்வளவுதான். கேஷில் சிறப்பு ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு பக்கத்தின் இன்னொரு மொழி வடிவம் எங்கே என்பதை ‘எச்ரெஃப்லாங்’ குறிப்பு கூகுளுக்குச் சொல்லிவிடும். வாட்ஸாப்பில் தமிழ்ப் பக்கத்தை அனுப்பினால் தமிழ்ப் பக்கமே திறக்கும். உலாவியின் ஹெடரை முகப்பில் மட்டும், முதல் தடவை வருபவருக்காகப் பார்க்கிறேன். பொத்தானை அழுத்தி மொழி மாற்றியவரின் விருப்பம் குக்கியில் (உலாவி சேமித்து வைக்கும் சிறு குறிப்பில்) இருக்கும், அடுத்த முறை அதற்குத்தான் முன்னுரிமை. முகப்பிலிருந்து திருப்பிவிடும்போது 301 (நிரந்தரத் திருப்பம் என்ற குறியீடு) போடாதீர்கள், 302 (தற்காலிகத் திருப்பம்) போடுங்கள். 301-ஐ உலாவி நினைவில் வைத்துக்கொண்டு, மொழி மாற்றிய பிறகும் பழைய இடத்துக்கே இழுத்துப் போகும்.

பொத்தானில் கொடிப் படம் வைக்கவில்லை. தமிழ் இலங்கையிலும் சிங்கப்பூரிலும்கூட ஆட்சிமொழி, எந்தக் கொடியை வைப்பது? ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதிவிட்டேன். அழுத்தினால் அதே பக்கத்தின் தமிழ் வடிவம் வரும், முகப்புக்குத் தூக்கிப் போடாது.

விக்கிப்பீடியா மாதிரி மொழிக்கொரு துணைக்களம் (முகவரியின் தொடக்கத்திலேயே மொழிக் குறி) வைப்பது நல்லதா என்றால், பெரிய தளத்துக்கு நல்லதாக இருக்கலாம். நான் செய்து பார்த்ததில்லை. இரண்டு மொழியோடு என் அனுபவம் முடிகிறது. உருது மாதிரி வலமிருந்து இடம் போகும் மொழி சேர்ந்தால் பக்க வடிவமைப்பு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இன்னும் ஆறு பக்கம் பாக்கி. அந்தப் பக்கங்களில் மட்டும் பொத்தானை மறைத்து வைத்திருக்கிறேன்.