கேம்பர் வேன் டேங்க் கழுவ நாகர்கோவில் பக்கம் ஆள் உண்டா? உண்டு

சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், இது கக்கூஸ் டேங்க் சமாச்சாரம். எங்கள் கேம்பர் வேனின் கழிவு டேங்கை இரண்டு மாதம் முன்பு ஒரு செப்டிக் லாரிக்காரரை வைத்துக் கழுவினோம். அதற்கு முன்னால் நானே செய்து பார்த்த கோமாளித்தனங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை நாலு பேர் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வாய் வலிக்கிறது. லாரிக்காரரின் பெயரும் எண்ணும் இங்கே இல்லை. அவரே வேண்டாம் என்றார்: "பேரு போட்டா நாளைக்கு கன்னியாகுமரி வாற டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் என்னையத்தான் கூப்பிடும் மக்ளே."

வேன் பழைய டிராவலர், வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்து உள்ளே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து மாற்றியது. நல்ல தண்ணீருக்கு 120 லிட்டர் டேங்க். சிங்க்கிலும் குளிக்கும் இடத்திலும் இருந்து வரும் தண்ணீருக்கு 80 லிட்டர், இதைக் கிரே டேங்க் என்பார்கள். கக்கூஸுக்கு 60 லிட்டர், அது பிளாக் டேங்க். கழிவு டேங்க் இரண்டின் அடியிலும் இழுத்துத் திறக்கிற ஒவ்வொரு வால்வு, இரண்டும் மூன்று அங்குலக் குழாய் ஒன்றில் வந்து சேரும்.

தப்பு தொடங்கியது வால்வில்தான். வேனை எடுக்கப் போனபோது பட்டறையில், "எங்கயாவது நாள் கணக்கா நிறுத்தினா பைப்ப வீட்டு செப்டிக் டேங்க்ல விட்டுட்டு வால்வ திறந்தே வச்சுக்கோங்க, அதுபாட்டுக்கு ஓடிரும்" என்றார்கள். தக்கலையில் மச்சான் வீட்டு முற்றத்தில் மூன்று வாரம் அப்படித்தான் நின்றது. வீட்டில் கல்யாண விருந்தாளிகள் நிறையப் பேர், பாதிப் பேர் வேனில்தான் படுத்தார்கள். தண்ணீரெல்லாம் ஓடிவிட்டது, கட்டி மட்டும் குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து, காய்ந்து, மறுநாள் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு, இப்படிக் கறையான் புற்று மாதிரி எழும்பிவிட்டது. வெளிநாட்டில் வேன் வீட்டுக்காரர்கள் இதற்குப் பிரமிடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு எல்லோரும் செய்கிற தப்பு. வால்வு எப்போதும் மூடித்தான் இருக்க வேண்டும். டேங்க் முக்காலாவது நிறைந்த பிறகு ஒரே இழுப்பில் திறந்தால்தான் அந்தத் தண்ணீரின் வேகம் கட்டியையும் இழுத்துக்கொண்டு போகும்.

இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் இரண்டு விஷயம். மீட்டர் எப்போது பார்த்தாலும் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருக்கிறது என்று காட்டியது. இன்னொன்று நாற்றம். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று நிறுத்தினோம், நாற்றம் போகட்டுமென்று கூரை ஃபேனைப் போட்டேன், நாற்றம் இரட்டிப்பானது. கூரை ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும்போது அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும், ஜன்னல் எல்லாம் மூடிக் கிடந்தால் கக்கூஸ் மூடியைத் திறந்ததும் டேங்குக்குள் இருப்பதுதான் மேலே வரும். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் ஃப்ளஷ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஜன்னலையாவது திறந்து வைக்க வேண்டும். அம்மா அன்றைக்கு இறங்கி ரோட்டோரமாகப் போய் நின்றுகொண்டார்கள், ஒரு மணி நேரம் ஏறவே இல்லை.

பிறகு என் வைத்தியங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றலாமென்று வாளியை எடுத்தேன், ஏற்கனவே ஆசிட் உள்ள கக்கூஸ் கிளீனரை அரை பாட்டில் ஊற்றி வைத்திருந்தது மனைவிக்கு நினைவு வந்ததால் தப்பித்தோம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிக் கிடக்கிற வேனுக்குள் அது விளையாட்டு இல்லை. ஆசிட் இல்லையென்றாலும் பிளீச் வேண்டாம், வால்வில் இருக்கும் ரப்பரைக் கெடுக்கும், கழிவைத் தின்கிற பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அடுத்து ஐஸ். டேங்கில் ஐஸ் கட்டி போட்டு வளைவு ரோட்டில் ஓட்டினால் அது உருண்டு உருண்டு தேய்த்துக் கழுவிவிடும் என்று எங்கேயோ பார்த்தேன். முட்டம் துறைமுகத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸை உடைத்து 10 கிலோ வாங்கி, கக்கூஸ் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளி, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை ஓட்டினேன். ஐஸ் தண்ணீரில் மிதக்கும், புற்று அடியில் இருக்கிறது, மேலே மிதக்கிறது எப்படி அடியைத் தேய்க்கும் என்று பேச்சிப்பாறை அணையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் மண்டையில் ஏறியது. டீசல் காசு போனது, ஆனால் திரும்பி வரும் வழியில் அக்கானி (பதநீர்) கிடைத்தது, அது லாபம்.

ஒருவர் சொன்னார், ராத்திரி கொண்டுபோய் தோவாளை சானலில் திறந்து விட்டுவிடு, யாருக்குத் தெரியும் என்று. அந்தச் சானல் தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது, கரையில் ஆட்கள் குளிக்கிறார்கள். பேர் சொல்லத் தகுதியில்லாத யோசனை.

சரி, லாரிக்கு வருகிறேன். ஐந்து பேருக்குப் போன் செய்தேன். மூன்று பேர் "வீடு எங்க?" என்று கேட்டு, வீடில்லை வேன் என்றதும் வைத்துவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்கு வாங்குகிற அதே முழுத் தொகையைக் கேட்டார். ஐந்தாவது ஆள்தான் இவர், வயது அறுபதுக்குப் பக்கம், அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். வேனின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "மக்ளே, இது டேங்கு இல்ல, குடம். ஆறாயிரம் லிட்டர் வண்டிய கொண்டுவந்து குடம் கழுவணுமா?" என்று சிரித்தார். சிரித்த பிறகு செய்தார். 1,500 ரூபாய் பேசினோம்.

அவர் வேலை செய்த விதத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வந்ததும் ஹோஸை மாட்டவில்லை. முந்தின நாளே போனில், டேங்க் நிறையத் தண்ணீர் விடு, கை பொறுக்கிற சூடு போதும், கொதிக்கக் கொதிக்க விட்டால் பிளாஸ்டிக் கெட்டுப்போகும், ஒரு கப் சலவைப் பவுடர் போடு, போட்டுவிட்டு ராத்திரி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்து என்று சொல்லியிருந்தார். காய்ந்த கட்டி ஊறாமல் எந்த மோட்டார் இழுத்தும் பலனில்லை என்பது அவர் கணக்கு. மறுநாள் வந்து முதலில் செய்தது கக்கூஸின் உள்மூடியைத் திறந்து ஒரு மரக்கட்டையை இடுக்கி வைத்தது. ஏனென்று கேட்டேன். லாரியின் வேக்குவம் வீட்டு செப்டிக் டேங்குக்கானது, கான்கிரீட் தாங்கும், இது பிளாஸ்டிக், மேலே காற்று நுழைய வழியில்லாமல் அடியில் இழுத்தால் ஜூஸ் டப்பாவை உறிஞ்சின மாதிரி டேங்க் நசுங்கிவிடும் என்றார். கூரைக்குப் போகும் வென்ட் குழாய் அடைத்திருக்கிறதா என்று பையனை மேலே ஏற்றிப் பார்த்தார். அதில் குளவி கூடு கட்டியிருந்தது! பாதி நாற்றத்துக்குக் காரணம் அதுதான், வாயு மேலே போக வழியில்லாமல் வேனுக்குள் வந்திருக்கிறது.

பிறகு இழுத்தார், தண்ணீர் நிரப்பினார், மறுபடி இழுத்தார், இப்படி மூன்று தடவை. இரண்டாவது தடவைக்குப் பிறகு பிரஷர் வாஷரின் நுனியில் வளைந்த குழாய் ஒன்றை மாட்டி, கக்கூஸ் ஓட்டை வழியாக இறக்கி, நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அடித்தார். வேகத்தைக் குறைத்துத்தான் அடித்தார், சென்சாருக்குப் போகிற ஒயர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். கடைசியில் டார்ச்சைக் கையில் கொடுத்து, பார் என்றார். டேங்கின் அடி வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளையை வேன் வாங்கிய நாளுக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

கையுறை, பூட்ஸ், முகத்துக்கு மறைப்பு, எல்லாம் அவரும் அவருடைய பையனும் போட்டிருந்தார்கள். வீட்டு செப்டிக் டேங்குக்குக்கூட உள்ளே ஆள் இறக்குவதில்லையாம், யார் எவ்வளவு கொடுத்தாலும் சரி. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்து 2013இல் சட்டமே வந்துவிட்டது, இன்னும் சில இடங்களில் நடக்கிறது என்பதுதான் கொடுமை. உங்களுக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் 14420 என்ற உதவி எண் இருக்கிறது, செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கானது. உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று லாரிக்காரரிடம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இவர் கேட்காமலே தாளை எடுத்துக் காட்டினார்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் ஒன்றரைக்கு வந்தார், இடையில் போனை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார், நமக்கோ ஊர் சுற்றி வந்து கழுவ வேண்டிய நாளே ஞாயிறுதான். பில் கிடையாது. ஹோஸைக் கழற்றும்போது முற்றத்தில் கொஞ்சம் சிந்தியது, அவரே கழுவி விட்டார் என்றாலும் மாமியார் முகத்தை நான்தானே பார்க்க வேண்டும். மீட்டர் இன்னும் சரியாகவில்லை, காலி டேங்குக்கு மூன்றில் இரண்டு பங்கு என்கிறது. டேங்கின் பக்கவாட்டில் பதிந்திருக்கும் உலோக முனைகளில் படிந்த அழுக்கு அவ்வளவு சீக்கிரம் போகாதாம். மனைவி அதன் மேல் பிள்ளைகளின் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டாள்.

இப்போது மருந்து. நான் இரண்டு வகை வாங்கிப் பார்த்தேன். ஒன்று நீல நிறத் திரவம். நாற்றத்தை உடனே அமுக்கும், ஆனால் இந்த வகையில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு மாதிரி கிருமியைக் கொல்லும் சரக்கு இருக்கும், அதை வீட்டு செப்டிக் டேங்கில் கொண்டுபோய் விட்டால் அங்கே வேலை செய்கிற பாக்டீரியாவும் சாகும். மச்சான் வீட்டுக்குப் பண்ணக் கூடாத துரோகம் அது. இன்னொன்று என்சைம் பொடி, பாக்டீரியாவும் கலந்தது. நாற்றம் குறைய இரண்டு மூன்று நாள் எடுக்கிறது, ஆனால் கட்டியை உண்மையிலேயே கரைக்கிறது. சூட்டில் நன்றாக வேலை செய்யும், நம் ஊர் வெயிலுக்கு அதில் பஞ்சமில்லை. தண்ணீர் குறைவாக இருந்தால் இரண்டுமே தண்டம். சாணியும் வெல்லமும் கரைத்து விடச் சொன்ன பெரியப்பாவுக்கு அண்ணாச்சியின் பதில்: "அது வீட்டுக் குழிக்கு விடுறவன் விடட்டும், இந்தக் குடத்துல சாணிய போட்டா அதையும் நான்தான் அள்ளணும்."

வெளிநாட்டு வீடியோக்களில் பாதி நேரம் டிஷ்யூ பேப்பர் பற்றித்தான் பேசுகிறார்கள், எது கரையும் எது கரையாது என்று. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, தண்ணீர் விட்டுக் கழுவுகிற பழக்கம் டேங்குக்கு நல்லது. அதற்குப் பதிலாக டேங்க் சீக்கிரம் நிறையும், ஐந்து பேருக்கு எங்கள் 60 லிட்டர் இரண்டு நாள் தாண்டாது. பிள்ளைகளைத் துடைக்கும் ஈர வைப்ஸை மட்டும் யாரும் உள்ளே போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது கரையவே கரையாது, அண்ணாச்சி எடுத்துக் காட்டினார், முழுசாக இருந்தது.

கிரே டேங்கை யாரும் கண்டுகொள்வதில்லை. எங்கள் வேனில் அதுதான் கக்கூஸ் டேங்கை விட மோசமாக நாறியது. தேங்காய் அரைத்துவிட்ட மீன்குழம்பு, மரச்சீனிக் கிழங்கு வேக வைத்த தண்ணீர், இரண்டும் டேங்குக்குள் போய்ப் பாசி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. இப்போது தட்டைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் சிங்க்கில் போடுகிறோம், கிழங்குத் தண்ணீர் தனி வாளியில். காலி செய்யும்போது கக்கூஸ் டேங்கை முதலில் திறந்து, அது ஓடி முடிந்த பிறகு கிரேயைத் திறக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிட்டுப் போகும். முடிந்ததும் இரண்டு வால்வையும் மூடி, கக்கூஸ் டேங்கில் ஒரு வாளித் தண்ணீர் விட்ட பிறகுதான் யாரும் உட்காரலாம். வெறும் டேங்கில் உட்கார்ந்தால் அடுத்த புற்றுக்கு அஸ்திவாரம்.

ரப்பர் பற்றி ஒன்று. கக்கூஸ் உள்மூடியின் வாஷர் கிழிந்தபோது மார்த்தாண்டத்தில் வெட்டி வாங்கிப் போட்டேன், இறுக்கமாக இருக்கிறது என்று அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்கள், ஒரு மாதத்தில் உப்பிப் பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்பது தெரியாமல் போயிற்று. சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், வாஸ்லினும் வேண்டாம்.

அண்ணாச்சியின் வேலைக்கு ஐந்துக்கு நாலரை, நேரத்துக்கு ஒன்று. என்சைம் பொடிக்கு மூன்றரை. ஐஸுக்குப் பூஜ்யம். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வருகிற லாரிக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த மாதம் வாகமண் போய்விட்டு அந்த வழியாகத்தான் திரும்பி வருகிறோம்.