எஃப்டிஎஸ்இ 100-ஆ, 250-ஆ? பிரெக்சிட் தலைப்புச் செய்திகளில் எதை நம்புவது

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற (பிரெக்சிட்) பிரிட்டன் வாக்களித்த 2016 ஜூன் 23 வாக்கெடுப்புக்கு மறுநாள், லண்டன் பங்குச் சந்தையின் மிகப்பெரிய 100 நிறுவனங்களின் பங்கு விலைகளை அளக்கும் எஃப்டிஎஸ்இ 100 குறியீடு சுமார் 3 சதவீதம் சரிந்தது. ஜூன் 29-லேயே பழைய நிலையை எட்டிவிட்டது. வெளியேற்றத்தை ஆதரித்தவர்கள் இதையே "பொருளாதாரம் தப்பியது" என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். அது தவறான வாசிப்பு.

இந்த 100 நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. எண்ணெய், சுரங்கம், மருந்து நிறுவனங்கள் டாலரில் ஈட்டுகின்றன. பவுண்டு விழுந்தால் அதே டாலர் அதிக பவுண்டாக மாறும். பங்கு விலை ஏறும். நாணயத்தின் வீழ்ச்சியே குறியீட்டின் உயர்வாகத் தெரிந்தது. சரிபார்ப்பது எளிது: புள்ளிகளைப் பவுண்டின் டாலர் மதிப்பால் பெருக்குங்கள். ஜூன் 23-இல் 6,338 புள்ளி, பவுண்டு சுமார் 1.49 டாலர். ஜூன் 29-இல் 6,360 புள்ளி, சுமார் 1.34 டாலர். டாலரில் பார்த்தால் ஏறத்தாழ 10 சதவீத இழப்பு!

அளவில் அடுத்து வரும் 250 நிறுவனங்களின் குறியீடான எஃப்டிஎஸ்இ 250-இல் வீடு கட்டுவோர், சில்லறை வணிகர்கள் போன்ற உள்நாட்டுச் சந்தையை நம்பும் நிறுவனங்கள் அதிகம். முதல் நாளே சுமார் 7 சதவீதம் விழுந்தது. மீள ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உள்நாட்டு நிலவரத்துக்கு இதுவே நெருக்கமான அளவுகோல். ஆனாலும் இதன் வருவாயிலும் கணிசமான பங்கு வெளிநாட்டிலிருந்தே வருகிறது. ஆகஸ்ட் 4-இல் பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி வட்டியை 0.25 சதவீதமாகக் குறைத்த முடிவும் பங்குகளுக்குத் துணை நின்றது.

குறியீட்டுச் செய்தி வந்தால், அதே நாளின் பவுண்டு மதிப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.