ட்ராலியா பேக்பேக்கா? ரோம் கல்லுல ரெண்டையும் பாத்தாச்சு

போன அக்டோபர்ல நானும் அத்தானும் இத்தாலிக்கு ஒம்பது நாள் சுத்திப் பாக்கப் போனோம். எங்க மார்த்தாண்டத்துக்காரங்களுக்கு வெளிநாடுன்னா முதல்ல கல்ஃப்பு, அடுத்தது ரோம், நட்டாலத்து தேவசகாயம் பிள்ளைக்கு 2022-ல வத்திக்கான்ல புனிதர் பட்டம் கொடுத்ததுலேருந்து அந்த ஆசை இன்னும் கூடிப்போச்சு. அத்தான் கையில 24 இஞ்ச் நாலு வீல் ட்ராலி, என் முதுகுல 40 லிட்டர் பேக்பேக். கிளம்பும்போதே "லேய், நீ என்ன மருந்துவாழ்மலை ஏறவா போற"ன்னு கிண்டல் வேற. இப்ப ஊர்ல யாரு டிக்கெட் போட்டாலும் எது வாங்கட்டும்னு என்கிட்ட வந்து கேக்குறாங்க, அதான் எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், நான் பேக்பேக் கட்சி.

இடம் ட்ராலியிலதான் ஜாஸ்தி, துணி கசங்காது, நம்பர் லாக் இருக்கு. இதெல்லாம் தெரிஞ்ச விஷயம். ஆனா வெறும் பெட்டியே நாலு கிலோ, என் பேக் ஒண்ணரை. நிறைய ஏர்லைன்ல கேபினுக்கு 7 கிலோதான், அதுக்குள்ள அடக்கிட்டா திருவனந்தபுரத்துல இறங்கி லக்கேஜ் வர்ற பெல்ட் பக்கத்துல தேவுடு காக்க வேண்டாம்.

விஷயமே வீலுதான். ஏர்போர்ட் தரையில அத்தான் ட்ராலி ஒத்த விரல் தள்ளுக்கு ஓடுச்சு, கொள்ளாம்னு எனக்கே பொறாமை. ரோம்ல டிராம் விட்டு இறங்கினதும் மாறிப்போச்சு. அங்க பழைய தெரு முழுக்க சாம்பியத்ரீனின்னு சின்னச் சின்ன கருங்கல்லா பதிச்சிருக்கான், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இடைவெளி, சின்ன வீல் அதுல போய் கரெக்டா மாட்டுது. கடகடன்னு சத்தம் தெருவுக்கே கேக்குது, சன்னல்லேருந்து ஒரு பாட்டி எட்டிப் பாத்தாங்க. ரெண்டாம் நாளே ஒரு வீல் அச்சோட கழண்டு போச்சு. மூணு வீலோட வெனிஸ் போனோம். அங்க ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதுக்கால கால்வாய், காரும் கிடையாது ஆட்டோவும் கிடையாது, ஊர்ல மட்டும் 400-க்கு மேல பாலம், முக்கால்வாசி படிக்கட்டு வச்சது. ரூம் போய்ச் சேர்றதுக்குள்ள அஞ்சு பாலம், ஒவ்வொண்ணுக்கும் அத்தான் பெட்டிய தலையில தூக்கினாரு, நான் சும்மா நடந்தேன். கடைசி ரெண்டு பாலத்துக்கு நானும் ஒரு பக்கம் பிடிச்சேன், பின்ன வீட்டுல அக்காவுக்கு பதில் சொல்லணுமே.

ஊருக்கு வந்த பிறகுதான் அடுத்த கூத்து. மார்த்தாண்டத்துல ரெண்டு கடை ஏறி இறங்கிட்டு திருவனந்தபுரம் சாலை மார்க்கெட் வரைக்கும் தூக்கிட்டுப் போனாரு, "இந்த மாடலுக்கு வீல் கிட்டாது, வேற போட்டா உயரம் மாறும், நாலையும் மாத்தணும்"னுட்டாங்க, 1400 ரூபா. பெட்டி விலையே 4200 ஆக்கும். என் பேக்குல தோள்பட்டை வார் பிஞ்சது, குழித்துறையில செருப்பு தைக்கிற அண்ணன் சாயா குடிக்கிற நேரத்துல தச்சு கொடுத்தாரு, 50 ரூபா. ஜிப்பு ரன்னர் போனாலும் எந்த டெய்லர் கடையிலயும் கிட்டும். நம்ம ஊர்ல ரிப்பேர் பாக்க ஆள் இருக்கிற சாமானத்தான் நான் நல்ல சாமான்னு சொல்லுவேன்.

ட்ராலிதான் வேணும்னு நிக்கிறவங்க ரெண்டு வீல் மாடல் பாருங்க, வீல் பெரிசா பெட்டிக்குள்ள பாதி புதைஞ்சிருக்கும், நாலு வீல் மாதிரி வெளிய துருத்திக்கிட்டு இடி வாங்காது. முதுகுவலி உள்ளவங்க, கைக்குழந்தைய தூக்கிட்டுப் போறவங்க, சிங்கப்பூர் துபாய் மாதிரி வழவழ தரை ஊருக்குப் போறவங்களுக்கு ட்ராலியே சரி. குளிர்காலத்துல நான் போனதில்ல, தடி ஜாக்கெட்டெல்லாம் 40 லிட்டர்ல அடங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

எதுல போட்டாலும் உள்ள வைக்கிற சாமான் ஒண்ணுதான். பவர் பேங்க் கையிலதான் வச்சிருக்கணும், செக்-இன்ல போடக்கூடாது, 20000 எம்ஏஎச் வரைக்கும் பயமில்ல. கேபின் பேக்குன்னா தேங்காண்ணெய் 100 மில்லி குப்பியில. அங்கயும் 230 வோல்ட்டுதான், நம்ம ரெண்டு குச்சி சார்ஜர் எனக்கு நேரா சொருகிச்சு, மூணு குச்சி பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேணும். காலி தண்ணி பாட்டில் ஒண்ணு, ரோம்ல தெருவுக்குத் தெரு குழாயில நல்ல தண்ணி சும்மா கொட்டுது. டர்க்கி டவல் வேண்டாம், துவர்த்து, அதான் மெல்லிசு துண்டு, ரெண்டு எடுத்துக்கோங்க, ராத்திரி நனைச்சா காலையில காஞ்சிரும், வத்திக்கான் பீட்டர் பசிலிக்காவுல தோள் மூடாம உள்ள விடமாட்டாங்க, கையில்லாத சட்ட போட்டு வந்த ஒரு பிள்ளைக்கு என் துவர்த்துதான் உதவிச்சு. மடக்கி வைக்கிற துணிப்பை ஒண்ணும் வேணும், ஏன்னா கொலோசியத்துக்குள்ள பெரிய பை விடமாட்டான், அங்க என் பேக்கும் தோத்துது, ரூம்லயே வச்சிட்டுப் போனேன்.

பேக் வாங்கும்போது இடுப்பு பெல்ட் இருக்கான்னு பாருங்க, பாரம் தோள விட்டு இடுப்புல இறங்கணும். மேல் வாய் மட்டும் திறக்கிறது வேண்டாம், அடியில கிடக்கிற ஒரு ஜோடி சாக்ஸுக்கு மொத்தத்தையும் வெளிய கொட்டணும், பெட்டி மாதிரி முழுசா திறக்கிற ஜிப்பா பாத்து எடுங்க. மழை கவர் கூட வருதான்னும் கேட்டுக்கோங்க, நான் கேக்காம வாங்கிட்டு ஃப்ளோரன்ஸ் மழைக்கு குப்பைக் கவர் போட்டு மூடினேன்.