கண்ணில் வளர்ந்த சதைக்குக் கருவிழிப் பிரிவில் கிடைத்த சிகிச்சை

தூத்துக்குடி உப்பளத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த என் தந்தைக்கு, வலக்கண்ணில் மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து கருவிழியின் மேல் சதை ஏறியிருந்தது. அதைப் பார்த்த கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்லிவிட, வீடே கலங்கிய நிலையில்தான் மதுரையிலுள்ள தனியார் கண் மருத்துவமனை ஒன்றின் கருவிழிப் பிரிவுக்குச் சென்றோம்.

கத்தியை எடுக்கும் முன் அது என்ன சதை என்று தீர்மானிக்க அவர்கள் காட்டிய அக்கறையே இந்த மருத்துவமனையின் பெரிய பலம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்த மருத்துவர், வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைப்பவர்களுக்கு இறக்கை வடிவில் வளரும், புற்றுநோயல்லாத டெரிஜியம் என்ற சதையாகவே தெரிகிறது என்றார்; ஆனால் புற்றுநோயும் பெரும்பாலும் கருவிழியின் ஓரத்தில்தான் தொடங்கும் என்பதாலும், அரிதாக டெரிஜியத்துக்குள்ளேயே அது ஒளிந்திருக்கும் என்பதாலும் கண்ணின் அடுக்குகளை ஒளியால் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, கண்ணின் மேற்பரப்பை மூடியிருக்கும் மேற்படலம் மெல்லிய கோடாக ஓடுவதையும் அதற்குக் கீழேதான் சதை தடித்திருப்பதையும் விரலால் தொட்டுக் காட்டினார். புற்றுநோயாக இருந்தால் அந்த மேற்படலமே தடித்துப் பளீரென்று வெளுத்திருக்கும் என்றும், அது தொடங்கும் இடம் கத்தரித்தாற்போல் தெரியும் என்றும் விளக்கினார். இரு கண்களிலும் கருவிழியைச் சுற்றியிருந்த பழுப்பு நிறத்தைப் பற்றியும் கேட்டேன். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு அது இயல்பு என்றும், நடுவயதுக்குப் பின் ஒரே கண்ணில் புதிதாகத் தோன்றிப் பரவும் பழுப்பைத்தான் உடனே காட்ட வேண்டும் என்றும் பதில் கிடைத்தது.

சதையை வெறுமனே வெட்டியெடுத்தால் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அதே கண்ணில் மேல் இமைக்கு அடியிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். எடுத்த சதையை பயாப்சிக்கு அனுப்பியதை நான் தனியாகப் பாராட்டுவேன். ஏனெனில் ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இறுதி முடிவை ஆய்வகம்தான் சொல்ல முடியும். புற்றுநோய் இல்லை என்றே அறிக்கை வந்தது.

குறைகளும் உண்டு. பயாப்சிக்குத் தனிக் கட்டணம் என்பதை பில் போடும்போதுதான் சொன்னார்கள். காத்திருப்பு நேரமோ வெளியூர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டுத் தருகிறார்கள். கேட்டால் செவிலியர் தமிழில் எழுதித் தருகிறார், ஆகவே தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.