ஆர்டபிள்யூ டிஸ்க்கை மட்டும் கண்டுகொள்ளாத டிவிடி ரைட்டர்

பாட்டு சிடி ஓடும், படம் ஓடும், ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க்கும் ஓடும். அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவைப் போட்டால் மட்டும் விளக்கு சிமிட்டும், மோட்டார் இரண்டு மூன்று தடவை முக்கிப் பார்க்கும், கடைசியில் டிஸ்க்கைப் போடச் சொல்லித் திரை கேட்கும். பல வருஷமாக என்னிடம் உழைக்கும் ரைட்டருக்கு வயதானபின் வந்த குணம் இது. புதிதில் இதே டிஸ்க்குகளில் மளமளவென்று எழுதித் தந்ததுதான்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் நீக்கு என்பது. டிரைவே கணினியில் தெரியாமல் போனால் அது பலிக்கும். மற்ற டிஸ்க்கெல்லாம் ஓடும்போது அதில் கை வைப்பது வீண்வேலை.

கோளாறு வெளிச்சத்தில் இருக்கிறது. ஆலையில் அச்சான சிடி, தன்மேல் படும் லேசரில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூவில் இருப்பது வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த படலம். அது திருப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். லென்ஸில் தூசு படிந்தாலோ லேசர் தளர்ந்தாலோ முதலில் அடிபடுவது இதுதான். டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர், சிடிக்கு 780 நானோமீட்டரில் தனி லேசர். அதனால் டிவிடி-ஆர்டபிள்யூ ஓடி, சிடி-ஆர்டபிள்யூ மட்டும் முரண்டு பிடிப்பதும் உண்டு.

பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டு, அழுத்தாமல் லென்ஸைத் துடைத்தேன். ஸ்பிரிங்கில் நிற்பதுபோல அது ஆடும், பயப்பட வேண்டாம். லேப்டாப் டிரைவ் என்றால் தட்டை இழுத்ததுமே லென்ஸ் தெரியும். டெஸ்க்டாப் டிரைவில் மூடியைக் கழற்ற வேண்டும். துடைத்தபின் பழைய டிஸ்க்குகள் எல்லாம் திரும்பத் தெரிந்தன.

புதிதாக வாங்கியவை மட்டும் படிக்கும், எழுதாது. டிஸ்க்கின் முகத்தைப் பார்த்தால் ‘அல்ட்ரா ஸ்பீட்’ என்ற அதிவேக ரகத்தின் முத்திரை. என்னுடையது அதற்கு முந்தைய ‘ஹை ஸ்பீட்’ காலத்து ரைட்டர். அந்த ரகத்தில் எழுத அதற்கு வழியே கிடையாது. எந்த மென்பொருளை மாற்றினாலும் இது தீராது.

பாதியில் நின்றுபோன டிஸ்க்குக்கு விரைவு அழிப்பு போதாது, அது உள்ளடக்க அட்டவணையை மட்டும்தான் துடைக்கும். வேறொரு ரைட்டரில் முழு அழிப்பு கொடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் செத்ததாக ஒதுக்கியவை எனக்குப் பிழைத்திருக்கின்றன. யுஎஸ்பி வெளி டிரைவ் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்பு ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள். மின்சாரம் போதாவிட்டாலும் இதே முக்கல்தான்.